நாளைக்கு வாங்க ஃபாதர்

சக்கர நாற்காலியின் முன்சக்கரம் மணலில் புதைந்ததும், பெபிஷா அப்பாவின் கால்களை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை உதைத்து நகர்த்தினாள். அவள் கணவன் ஷைஜு, மகள் அபினாவைக் கூட்டிக்கொண்டு முட்டம் கலங்கரை விளக்கத்தின் படிகளில் ஏறிவிட்டான். அப்பா இஞ்ஞாசிக்குத் துணையாக அவளும் அம்மா வேளாங்கண்ணியும் கீழே நின்றார்கள்.

நாற்பது வருடம் இந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கரை சேர்ந்த மனிதர், ஒருநாளும் இதன் பக்கத்தில் வந்ததில்லை. அதனால்தான் கூட்டிவந்தேன் என்று பெபிஷா எல்லாரிடமும் சொன்னாள். உண்மை வேறு. சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு பங்குச் சாமியார் காலையில் வீட்டுக்கு வருவதாக இருந்தது. "நாளைக்கு வாங்க ஃபாதர், இண்ணைக்கி நாங்க வெளிய போறோம்" என்று போனிலேயே தடுத்துவிட்டாள். அந்த எண்ணெய் வாசல் ஏறினால் அடுத்து ஏறுவது சவப்பெட்டி என்று கரையில் ஒரு பேச்சு உண்டு. அப்பாவுக்கு ஈரலில் புற்று என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மஞ்சக்காமாலை என்றார்கள். அந்தப் பொய்க்குப் பொருத்தமாக பெபிஷா தினமும் கீழாநெல்லி வேறு அரைத்துக் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

சுவர் நிழலில் நாற்காலியை நிறுத்தினார்கள்.

"மக்கா," என்றார் இஞ்ஞாசி. "சாமியாரு காலத்த வரேண்ணு சொன்னாரே. வரல்லியா?"

பெபிஷா அவர் பக்கம் குனிந்தாள். "அம்மா அவரப் போன்ல விளிச்சது உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"நாந்தான் விளிக்கச் சொன்னேன்." மூச்சு வாங்கினார். "பாவசங்கீர்த்தனம் பண்ணணும். ஒரு காரியம் முப்பது வருசமாட்டு நெஞ்சுல கெடக்கு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். வேளாங்கண்ணி கடலைப் பார்த்தபடியே, "சாமியாரு வரட்டும்ணு நான் சொன்னேன். நீ கேக்கல்ல," என்றாள்.

"எங்கிட்ட சொல்லுங்கப்பா."

"உங்கிட்ட சொல்லக்கூடிய காரியம் இல்ல மக்கா."

பெபிஷா சாமியாருக்குப் போன் அடித்தாள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளைதான் எடுத்தார். ஃபாதர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருக்கிறார், முடிந்ததும் அங்கேயே அனுப்புகிறேன் என்றார்.

"இப்பம் வந்துருவாருப்பா. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்துத்தான் பார்த்தார். பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உதடு எதற்கோ அசைந்து நின்றுவிட்டது. பெபிஷா அவர் மூக்கருகே புறங்கையை வைத்தாள். கடற்காற்று மட்டும்தான் பட்டது. உச்சியிலிருந்து அபினா, "பாட்டா, இஞ்ச பாருங்க," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சாமியாரின் பைக் வந்தபோது ஷைஜு இறங்கிவந்து, பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். சாமியார் ஊதாத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். எண்ணெய்ச் சிமிழைத் திறந்தபடி, "மூச்சு இருக்கா?" என்று கேட்டார்.

செத்தவருக்குப் பூசக்கூடாது. அது பெபிஷாவுக்கும் தெரியும்.

"இருக்கு ஃபாதர். இப்பந்தான் கண்ணத் தொறந்தாரு. பூசுங்க."

"இல்ல ஃபாதர்," என்றாள் வேளாங்கண்ணி. "போயி அரமணிக்கூர் ஆச்சு. பொய் சொல்லி அவருக்குப் பூசண்டாம்."

சாமியார் சிமிழைத் திருகி மூடினார். சின்ன மூடிதான், வெகுநேரம் திருகினார். "செபிப்போம்," என்றார்.

முப்பது வருடப் பாரத்தை இறக்கிவைக்க ஒரு காலை நேரம் இருந்தது. அதைத் தட்டிப் பறித்தவள் பெபிஷாதான்.

வேளாங்கண்ணி சாப்பாட்டுப் பையைத் துழாவினாள். கிழங்குப் பாத்திரத்துக்கு அடியிலிருந்து ஒரு மெழுகுதிரியும் தீப்பெட்டியும் வந்தன. சாகிறவர் கையில் ஏற்றிக் கொடுக்கும் திரி; காலையிலேயே எடுத்துவைத்திருக்கிறாள். திரியைக் கணவனின் விரல்களுக்குள் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, "இத ஒண்ணு உரசு ஷைஜு," என்றாள். முதல் குச்சியைக் காற்று அணைத்தது. இரண்டாவதையும் அணைத்தது. பெபிஷா முட்டிபோட்டு இரண்டு கைகளையும் குவித்து மறைத்தாள். விரல் இடுக்கு வழியே காற்று புகுந்தது. மூன்றாவதும் அணைந்தது.

"கைய இன்னும் சேத்து வை மக்கா," என்றாள் அம்மா.