மங்களத்தின் ஞாயிற்றுக்கிழமை

மலாக்கா பக்கம் தஞ்சோங் கிளிங்கில், தாமான் எனப்படும் குடியிருப்பில் இருந்த அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது மங்களத்தின் கையால்தான் விடியும். திலகவதி சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் சுடச்சுடத் தோசை வந்து சேரும். அவள் கணவன் கணேஸ்வரன் சட்டையைத் தேடிக் குரல் கொடுப்பதற்குள் அது இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கும். இரண்டு வயது மகளோ மங்களத்தின் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டாள்.

திலகவதிக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவு அதிகாரி வேலை. அது போதாதென்று, தொழிலாளர் உறவையும் வணிகச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்ஸ் படிப்பிலும் சேர்ந்திருந்தாள். மலாக்கா டவுனில் ஞாயிறுதோறும் மதியம் வகுப்பு. அவள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவர் யாரும் இல்லை. அந்தப் பெருமை அவளைவிட மங்களத்துக்குத்தான் அதிகம். தங்கச்சி லாயருக்கும் மேலே படிக்கிறது என்று பாசார் சந்தையில் மீன் விற்பவரிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள்.

மங்களம் சுங்கை ரம்பாய்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவள். கணவன் இறந்தபின் ஒரே மகள் புனிதாவை அங்கேயே கட்டிக்கொடுத்துவிட்டு, திலகவதி பிள்ளை பெற்ற சமயத்தில் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். வந்தவள் தங்கிவிட்டாள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் திலகவதியே கிளினிக்குக்கு அழைத்துப் போவாள். தீபாவளிக்கு இருவருக்கும் ஒரே கடையில்தான் சேலை. வேலைக்காரி என்று யாராவது சொன்னால் திலகவதிக்குக் கோபம் வரும். எங்கள் வீட்டு ஆள் என்று திருத்துவாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர அந்த வீட்டு ஆள் ஒரு நாளும் லீவில் போனதில்லை என்பது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டே மங்களம் மெதுவாகக் கேட்டாள். புனிதாவின் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள் சாமி கும்பிடுகிறார்களாம். காலையில் போய்விட்டு மறுநாள் வந்துவிடலாமா என்றாள். அன்று திலகவதி வகுப்பில் கட்டுரை படிக்க வேண்டிய நாள். கணேஸ்வரனுக்கோ ஞாயிறு என்றால் பேட்மின்டன். குழந்தையை யார் பார்ப்பது? அடுத்த வாரம் போகலாமே அக்கா என்றாள் திலகவதி. மங்களம் குழாயை மூடினாள். பிறகு, "சரி தங்கச்சி, படிப்புதான முக்கியம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கழுவ ஆரம்பித்தாள். பேத்தியை அவள் இன்னும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மாலை திலகவதி கணவனை உட்காரவைத்துக் கட்டுரையைப் பேசிக் காட்டினாள். தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது முதலாளி போடும் பிச்சையல்ல, உரிமை என்று தொடங்கினாள். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று இனிக்கப் பேசியே ஓய்வு நாளிலும் பெண்களை வேலைக்கு வரவைக்கும் நிர்வாகிகளை ஒரு பிடி பிடித்தாள். தன் மேனேஜரை மனத்தில் வைத்து எழுதிய பகுதி அது. குரலில் சூடு இருந்தது.

கணேஸ்வரன் கை தட்டினான். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அப்ப நம்ம மங்களக்காவுக்கும் வாரம் ஒரு நாள் லீவு குடுக்கணுமா?"

"இல்லைங்க. வீட்டு வேலை செய்யிறவங்களுக்கு தொழிலாளர் சட்டத்துல ஓய்வு நாள் இல்ல."

"அப்ப தப்பிச்சோம்லா" என்று சிரித்தான் அவன்.

திலகவதியால் சிரிக்க முடியவில்லை. சட்டத்தில் ஓட்டை கிடைக்கும்போதெல்லாம் அவளுடைய மேனேஜரும் இப்படித்தான் சிரிப்பார். எங்கள் வீட்டு ஆள், எங்கள் வீட்டு ஆள் என்று தான் சொல்லி வந்ததும் அந்த மேனேஜரின் குடும்பப் பேச்சும் ஒன்றுதான் என்று உறைத்தபோது அவளுக்கு முகம் கூசியது.

எழுந்து சமையலறைக்குப் போனாள். மங்களம் தானே தைத்த குட்டிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஊருக்குப் போகலாம் அக்கா, இனிமேல் எல்லா ஞாயிறும் உங்களுக்கு லீவுதான் என்று திலகவதி சொன்னதும், அவள் கையில் இருந்த சட்டை அப்படியே நின்றது.

"நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா தங்கச்சி? என்னை நிப்பாட்டப் போறீங்களா?"

ஓய்வு என்று சொன்னால் அந்த மனுஷிக்கு வேலை போனது போலக் கேட்கிறதே என்று திலகவதிக்கு வருத்தமாக இருந்தது. அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, தப்பு எங்கள்மேல்தான், சம்பளத்திலும் கை வைக்க மாட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகே மங்களம் நம்பினாள். நம்பியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஞாயிறு காலை, பேட்மின்டனுக்குப் போகாமல் இருந்த கணேஸ்வரனிடம் மகளை விட்டுவிட்டு, திலகவதியே காரோட்டி அவளை எஸ்டேட்டில் கொண்டுபோய் விட்டாள். புனிதா ஓடிவந்து குழந்தையை அம்மாவின் மடியில் போட்டாள். பேத்தியின் உள்ளங்காலை முகர்ந்து பார்த்த மங்களம் வேறெதையும் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். திலகவதி பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு வகுப்புக்கு விரைந்தாள். கட்டுரையின் முடிவில், சட்டம் கைவிட்ட வீட்டு வேலைக்காரர்களைப் பற்றிப் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்துப் பேசினாள். தன் வீட்டுக் கதையையும் மறைக்கவில்லை.

மாலையில் வீடு திரும்பியபோது கூடமெல்லாம் விளையாட்டுச் சாமான். சோறு அடிப்பிடித்திருந்தது. கணேஸ்வரன் பாயில் மல்லாந்து கிடக்க, மகள் அவன் வயிற்றின்மேல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்கே எனக்கு இடுப்பு போச்சு திலகா. அக்கா எப்படித்தான் சமாளிச்சாங்களோ. சட்டம் போட்டவங்க இதைப் பார்க்கவே இல்லையா?"

திலகவதி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

"அவங்க பார்க்கலைங்க. ஆனா தினமும் கூடவே இருந்த நாமளும்தான் பார்க்கலை. சட்டத்துல இல்லன்னா குடுக்கக் கூடாதுன்னு அர்த்தம் இல்ல. வீட்டு ஆளுன்னு வாயால சொன்னா பத்தாது. நமக்கு வேணும்கிற ஓய்வு அவங்களுக்கும் வேணும்னு நினைக்கணும். அப்பத்தான் அது குடும்பம்."