வாசல் பக்கம் ஒரு முகம்

சலவைப் பகுதி அக்கா எக்ஸ்ரே அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவள் கையில் டாக்டர் சீட்டு எதுவும் இல்லை. நொண்டவும் இல்லை, எங்கேயும் வலிக்கிற மாதிரி பிடித்துக்கொள்ளவும் இல்லை. ஆஸ்பத்திரியின் மூன்று மாடிப் படுக்கை விரிப்புகளையும் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிறவள் அவள். அடித்தளத்தை விட்டு மேலே வருவதே அபூர்வம். வந்தவள் நோயாளிகள் உட்காரும் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய ஈயக் கவசத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அடுத்த மாசம் பதினாலாம் தேதி எனக்குக் கல்யாணம்,” என்றாள்.

எக்ஸ்ரேம்மாவுக்கு (அப்படித்தான் ஆஸ்பத்திரி முழுக்க அவளைக் கூப்பிட்டார்கள்) இது புதுச் செய்தி இல்லை. லிஃப்ட் இயக்குகிறவர் எட்டு மாதமாக அழுக்குத் துணி வண்டியைத் தானே அடித்தளம்வரை தள்ளிக்கொண்டு போய் விடுவதை எல்லா மாடிகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது, புருஷன் போய்ப் பன்னிரண்டு வருடம். லிஃப்ட்காரருக்கு ஐம்பத்து மூன்று, இதுவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

“சந்தோஷம்க்கா. சாட்சிக் கையெழுத்துப் போட நான் வரணுமா?”

“கையெழுத்துக்கு ஆள் இருக்கு. நீங்க படம் எடுக்கணும்.”

“நானா? நான் எலும்பைத்தானேக்கா எடுக்கிறேன்.”

“எலும்பு எடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு அதுக்கு மேல இருக்குற தோலை எடுக்கத் தெரியாதா?”

ஸ்டுடியோவில் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன தொகை புது வீட்டுக்கு வாங்க நினைத்திருந்த கட்டிலையும் அடுப்பையும் சேர்த்து விழுங்கிவிடும் போலிருந்தது. ‘நமக்கெல்லாம் எதுக்குப் படம்’ என்று லிஃப்ட்காரர் சொன்னாராம். அக்காதான் விடவில்லை. முதல் கல்யாணத்தில் எடுத்த படங்கள் ஒரு வெள்ளத்தோடு போய்விட்டன. அதற்குப் பிறகு அடையாள அட்டைக்காக எடுத்தது தவிர அவள் முகம் எங்கேயும் பதிவாகவில்லை.

எக்ஸ்ரேம்மா முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சரி என்று வந்துவிட்டது. ஏன் என்று அன்று சாயங்காலம் பேருந்தில் யோசித்துப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு லட்சம் படமாவது எடுத்திருப்பாள். அவற்றில் மண்டையோடு விழுந்திருக்கிறது, தாடை விழுந்திருக்கிறது, ஒரு முகம்கூட விழுந்ததில்லை. எதிர் இருக்கையில் ஒருவர் வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம் வந்து வந்து போனது. இதை எப்படிப் பிடிப்பது என்று தோன்றியதும், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

கேமராவைக் கொழுந்தனிடம் இரவல் வாங்கினாள். அவன் அதை ஒரு குழந்தையைக் கொடுப்பது மாதிரி இரண்டு கையாலும் கொடுத்து, அரை மணி நேரம் பாடம் நடத்தினான். “அண்ணி, இதுக்கு ஃபிளாஷ் கிடையாது. என்கிட்ட இருந்தது உடைஞ்சுபோச்சு. ஜன்னல் எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க. அப்புறமா ஆளைப் பாருங்க.” அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டாள்.

முதலில் அகப்பட்டவர் அவள் கணவர்தான். பேருந்துப் பணிமனையில் வண்டிகள் வருகிற, போகிற நேரத்தைக் குறிக்கிற வேலை அவருக்கு. சமையலறை ஜன்னலோரம் நிற்க வைத்து எடுத்த நாற்பது படங்களிலும் அவர் தூக்கு மேடைக்குப் போகிறவர் மாதிரி விறைத்து நின்றார்.

“கொஞ்சம் இயல்பா இருங்களேன்.”

“நீதானே அசையாதீங்க, மூச்சைப் பிடிங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்க. இதுல இயல்பா எப்படி இருக்கிறது? விடுங்கன்னும் சொல்ல மாட்டேங்குற. இன்னும் ரெண்டு படம் எடுத்திருந்தா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்.”

அவள் திடுக்கிட்டாள். தான் அப்படிச் சொன்னதே அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாக அவள் முன்னால் வந்த உடம்புகள் எல்லாம் அவள் சொல்லுக்கு நின்றவை. நிற்காதவர்களைப் படம் பிடிப்பது வேறு தொழில். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு எடுக்கப் பழகினாள். கணவர் வெங்காயம் உரித்தார், செருப்புத் தேடினார், தொலைபேசியில் யாரையோ வைதார். அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். சிரிக்கப் போவதற்கு முன்னால் அவருக்கு இடது புருவம் மட்டும் முந்திக்கொண்டு ஏறும் என்பது இருபத்திரண்டு வருடம் கழித்து அந்த வாரம்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் திருமணப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். பதினாலாம் தேதி அவர்களுக்குக் கொடுத்திருந்த நேரம் பத்தரை. அதே பத்தரைக்கு அந்த அறையில் வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. நீளமான அறை. ஒரு பக்கம் பச்சை இரும்பு அலமாரிகள், கோப்புகள் பிதுங்கி நின்றன. பதிவாளர் மேசைக்கு வலப்புறம் ஒரே ஒரு ஜன்னல். கூரையில் நான்கு குழல் விளக்கு. அதில் ஒன்று கண்ணடித்துக்கொண்டே இருந்தது. கையெழுத்துப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கிற எழுத்தர் அவளைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு எழுந்து வந்தார்.

“யாருக்கும்மா கல்யாணம்? உங்களுக்கா?”

“எனக்கு ஏற்கெனவே ஆகிடுச்சு சார். படம் எடுக்க வரணும். அதான் இடத்தைப் பார்க்க வந்தேன்.”

“இந்த இடத்தைப் பார்க்க வந்த முதல் ஆள் நீங்கதான்,” என்று அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்று பத்தரைக்கு முன்பின் தெரியாத ஒரு ஜோடிக்குப் பதிவு நடந்தது. அவள் கேமராவை எடுக்காமல் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். பெயர் வாசித்தது, சம்மதமா என்று கேட்டது, நான்கு கையெழுத்து, கைகுலுக்கல். ஏழு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு கை எலும்பு முறிவுக்கு இரண்டு கோணத்தில் படம் எடுக்கவே அவளுக்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

“எல்லாரும் குனிஞ்சுதான் கையெழுத்துப் போடுவாங்க. அப்ப மூஞ்சி தெரியாது,” என்றார் எழுத்தர், சொல்லாமல் இருக்க முடியாதவர் போல. “போட்டுட்டு நிமிரும்போது பக்கத்துல இருக்கிறவங்களை ஒரு தடவை பார்ப்பாங்க. சண்டை போட்டுக்கிட்டு வந்தவங்ககூடப் பார்ப்பாங்க. ஒரு செகண்டுதான். அதை எடுத்துட்டீங்கன்னா போதும்.”

வீட்டில் ஒத்திகை நடந்தது. உணவு மேசை பதிவாளர் மேசை ஆனது. ஒரு தலையணை மணமகள். கணவர் மாப்பிள்ளையாகவும் நேரம் பார்ப்பவராகவும் இருந்து, “அஞ்சு நிமிஷம் ஆச்சு, பொண்ணு இன்னும் நிமிரலை,” என்று அறிவித்தார். வெள்ளை அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்புகிற பலகையாக மேசை ஓரத்தில் சாய்த்து வைத்தாள். தலையணைக்குக்கூட அதில் ஒரு களை வந்தது.

கடைசி வாரத்தில் சலவைப் பகுதிக்கே போனாள். அக்காவின் முகம் எந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஆசை. நீராவிக்கும் வெள்ளை விரிப்புகளுக்கும் நடுவில் அந்த முகம் நனைந்து மினுங்கியது. அக்கா இரண்டு மூலையைப் பிடித்து உதறி, மடித்து, அடுத்ததை எடுத்தாள். கேமராவைப் பார்க்கவே இல்லை. பத்துப் பதினைந்து படத்துக்குப் பிறகு, விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“எக்ஸ்ரேம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது.”

“சொல்லுங்கக்கா.”

“என் மக இருக்கால்ல. கல்யாணம்னு சொன்ன நாள்லேருந்து எங்கிட்டப் பேசலை. தனியா ரூம் எடுத்துப் போயிட்டா. தேதி, நேரம் எல்லாம் எழுதி அனுப்பியிருக்கேன். வருவாளான்னு தெரியலை. வந்தா…” அக்கா விரிப்பின் ஓரத்தை நகத்தால் நீவினாள். “வந்தா என்னால அவ மூஞ்சியைப் பார்க்க முடியாது. பார்த்தா கையெழுத்துப் போட மாட்டேன். கை ஓடாது. அதனால நீங்க பாருங்க. நான் கையெழுத்துப் போடுறப்போ அவ எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியணும். கோவமா இருந்தாலும் பரவாயில்லை. ஒண்ணு எடுத்து வச்சிருங்க.”

எக்ஸ்ரேம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் சோற்றுக் கையோடு சற்று யோசித்தார்.

“அந்தப் பொண்ணுக்குத் தெரியாம எடுக்கிறது ஒட்டுக்கேக்கிற மாதிரி இல்லையா?”

“அதான் எனக்கும் உறுத்துது. ஆனா அக்கா அதை எதுக்குக் கேக்குறாங்கன்னு பாருங்க.”

“எனக்கும் அந்தப் பொண்ணு வருவாளான்னு தெரியணும் போலத்தான் இருக்கு,” என்றார் அவர்.

பதினாலாம் தேதி காலை மேகமே இல்லை. எக்ஸ்ரேம்மா ஒன்பதரைக்கே போய், குப்பைக்கூடையை நகர்த்தி, அட்டைப் பலகையைச் சாய்த்து வைத்தாள். கண்ணடிக்கிற குழல் விளக்கை எழுத்தரே கேட்காமல் அணைத்துக் கொடுத்தார். லிஃப்ட்காரர் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில் வந்தார். அதன் தோள் இரண்டும் அவரைவிட அகலமாக இருந்தன. இருபது வருடமாக லிஃப்ட்டின் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றே பழகியவர், இங்கேயும் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். அவரை மெல்ல நகர்த்தி ஜன்னல் பக்கம் கொண்டுவர வேண்டியிருந்தது. அக்கா கரும்பச்சை உடுப்பில் வந்தாள். தலையை வழக்கத்தைவிட இறுக்கமாக வாரியிருந்தாள். சமையல் பகுதியிலிருந்து இருவர், ஒரு நர்ஸ், லிஃப்ட்காரரின் தம்பி. அவ்வளவுதான் கூட்டம். அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்த நாற்காலியை அவள் தானே தேர்ந்தெடுத்ததை எக்ஸ்ரேம்மா கவனித்தாள்.

பெயர்களை வாசித்தார்கள். சம்மதமா என்று கேட்டதற்கு லிஃப்ட்காரர் முதல் தடவை குரல் வராமல் இரண்டாம் தடவை சொன்னார். எக்ஸ்ரேம்மா அதை எடுத்தாள். அக்காவின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்ததை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் அட்டையில் பட்டு, அக்காவின் தாடைக்குக் கீழே இதமாக ஏறியது. கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. எழுத்தர் புத்தகத்தைத் திருப்பினார். அக்கா பேனாவை வாங்கிக் குனிந்தாள்.

கதவு அப்போதுதான் திறந்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண். கையில் ஹெல்மெட். மூச்சு வாங்கியது. உள்ளே வராமல், வெளியே போகாமல், கதவு தானாக மூடிக்கொள்ளாதபடி ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து நின்றாள். முகவாய் அப்படியே அக்காவினுடையது.

பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் எக்ஸ்ரேம்மாவுக்குக் கேட்டது. இன்னும் இரண்டு எழுத்து இருக்கலாம். அக்கா நிமிர்வாள், பக்கத்தில் பார்ப்பாள். ஒரு செகண்டுதான். அதற்காகத்தான் ஒரு மாதமாகத் தலையணையை வைத்துப் பழகியிருக்கிறாள். வாசலில் அந்தப் பெண்ணின் முகத்தில் என்னவோ அசையத் தொடங்கியிருந்தது. கேமரா ஒன்றுதான். மேசைக்குப் பக்கவாட்டில் நின்ற அவளுக்கு இரண்டும் வேறு வேறு திசை.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். மகள் கேமராவைப் பார்த்துவிட்டாள். ஹெல்மெட் மறைக்க உயரும் என்று எக்ஸ்ரேம்மா நினைத்தாள். விரலை எடுத்துவிடலாமா என்றும் நினைத்தாள். கேமராவை முகத்திலிருந்து சற்று இறக்கி, எடுக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பார்வையைத் திருப்பிக் குனிந்திருந்த தன் அம்மாவின் பின்னந்தலையைப் பார்த்தாள். எக்ஸ்ரேம்மா அழுத்தினாள்.

முதுகுக்குப் பின்னால் யாரோ கை தட்டினார்கள். அவள் திரும்பியபோது இருவரும் எழுந்து பதிவாளரோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். எழுத்தர் அவளைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார், போச்சே என்பது போல. மறுபடி வாசலைப் பார்த்தாள். கதவு மூடியிருந்தது.

நடைவழியில் தேநீர் கொடுத்தார்கள். லிஃப்ட்காரர் எல்லோருக்கும் பிஸ்கட் நீட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜன்னல் மூலைக்குப் போனாள்.

“நீங்க நிமிர்ந்ததை நான் எடுக்கலைக்கா. விட்டுட்டேன்.”

“அது கிடக்கட்டும். அவரு என்னைப் பார்த்தாரு, எனக்குத் தெரியும். அவ வந்தாளா?”

எக்ஸ்ரேம்மா படத்தைத் திரையில் கொண்டுவந்து கேமராவைக் கொடுத்தாள். அக்கா அதைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது கோவமா?” என்றாள் கடைசியில்.

எக்ஸ்ரேம்மாவும் குனிந்து பார்த்தாள். எடுத்தவளுக்கே தெரியவில்லை. புருவம் நெரிந்திருந்தது, வாய் அப்படி இல்லை.

படிக்கட்டுப் பக்கமிருந்து காலடி ஓசை வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றது. அக்கா திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது. ஹெல்மெட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டி, திரையிலிருந்த தன் முகத்தைத் தானும் பார்க்கத் தொடங்கினாள். எந்தப் பொத்தானையும் தொடாததால் கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சத்தோடு இரண்டு முகங்கள், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தாற்போல விழுந்தன. அக்கா கேமராவை இம்மியும் அசைக்காமல் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றாள்.