சிரிக்காமல் முடிந்த சாவு

செத்துக்கொண்டிருக்கிறேன், திரை முழுக்க என் முகம், கடைவாயில் ரத்தம் வழிகிறது, கண் மேலே செருகுகிறது, பின்வரிசையில் எவனோ பாப்கார்ன் மென்றபடி சிரிக்கிறான், நான் இருட்டில் தொப்பியும் முகக்கவசமுமாக உட்கார்ந்து என் சாவை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன், வடபழனியில் முதல் நாள் காலைக் காட்சி, ஒரு காலத்தில் சண்டைப் படங்களில் சக்கைப்போடு போட்ட மூன்று கதாநாயகர்கள் வயசான பிறகு ஒன்றுசேர்ந்து நடித்த படம், அவர்களிடம் அடிவாங்க என்னை விட்டால் ஆளில்லை என்று, வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காதவர்கள் வீடு தேடி வந்து அழைத்துப்போனார்கள், படம் பேசப்பட்டால் நாலு பேர் கூப்பிடுவார்கள், இந்த வில்லன் இன்னும் இருக்கிறான் என்று ஊருக்குத் தெரியும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான், தியேட்டருக்கு என்றால் ரத்தக்கொதிப்பு ஏறும் என்று மரகதம் விடமாட்டாள், கட்டிய மனைவியிடம் கோயிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டு, போனையும் அணைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்கு முந்தைய சண்டையில் சந்திரவர்மன் ஓடிவருகிறார், மூவரில் அவர்தான் பெரியவர், என்னை அதிகம் அடித்தவரும் அவர்தான், முன்பெல்லாம் அவர் ஓடிவந்தால் கொட்டகையில் காகிதம் பறக்கும், ஆற்காட்டில் ஒரு தடவை பெண்கள் திரையில் என்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார்கள், அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம், இப்போது பின்வரிசைக்காரன், மச்சான், தாத்தாவுக்கு மூச்சு வாங்குது, யாராச்சும் சோடா குடுங்கடா என்கிறான், தியேட்டரே சிரிக்கிறது, எனக்கும் சிரிப்பு வந்தது, பொய்யா சொன்னான், பழைய மில்லில் அந்தச் சண்டையை எடுத்தபோது வர்மன் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டார், நான் மாத்திரை போட்டுக்கொண்டேன், இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து அடித்துக்கொண்டோம், ஆனால் மாடிப்படியில் உருண்டது நான், டூப் வேண்டாம் என்று அடம்பிடித்து நானே உருண்டேன், அந்த ஒரு காட்சிக்காவது கைதட்டுவார்கள் என்று காத்திருந்தேன், தட்டவில்லை.

வெளியே வந்தால் வாசல் முழுக்க மைக், நடுவில் ஒரு விமர்சகர், அவர் சொன்னால் லட்சம் பேர் கேட்பார்களாம், கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார், ஃபைட்டெல்லாம் முட்டிவலித் தைல விளம்பரம் மாதிரி இருக்கு மக்களே, அதவிடக் கொடுமை அந்தப் பழைய வில்லன், மறைந்த நடிகர், அவர கம்ப்யூட்டர்ல செஞ்சு கொண்டாந்திருக்காங்க, கண்ணுல உயிரே இல்ல, படிக்கட்டுல பொம்மை உருளுது, செத்தவங்களயாவது நிம்மதியா விடுங்கப்பா. என் பெயரைத் தெளிவாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, கவசத்தைக் கழற்றிவிட்டு அவர் கையைப் பிடித்தேன், தம்பி, நான்தான் அது, உசுரோடதான் இருக்கேன் என்றேன், உற்றுப் பார்த்தார், பிறகு என் முதுகில் தட்டினார், சூப்பர் ஐயா, அச்சு அசல் அவரேதான், எந்தக் குழுவுல மேடை ஏறுறீங்க, திருவிழாக்களில் நடிகர்கள் மாதிரி வேஷம் கட்டி ஆடுகிறவன் என்று நினைத்துவிட்டார், அவரோட அந்த வில்லன் சிரிப்ப ஒருவாட்டி சிரிச்சுக் காட்டுங்க என்றார், என்ன செய்வது, சிரித்துக் காட்டினேன், பரவால்லங்கய்யா, ஆனா அவரு இன்னும் கணீர்னு சிரிப்பாரு என்றார்.

சிரிப்பு என்றதும்தான் அது நினைவுக்கு வந்தது, எங்கள் தொழிலில் சாவுக் காட்சி எடுத்து முடித்ததும் செத்தவரை எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு துண்டு எடுப்பார்கள், படத்தில் வராது, திருஷ்டிக்கு, எத்தனையோ படங்களில் செத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறேன், இந்தப் படத்தில் ரத்தச் சாயத்தோடு எழுந்து உட்கார்ந்து காத்திருக்கிறேன், அந்தச் சின்ன வயசு டைரக்டர், அது எதுக்கு சார், பேக்கப் என்கிறார், விளக்கை அணைக்கிறார்கள், கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன், அன்றைக்கே நிஜமாகப் போய்விட்டேனா, அந்த மில் தரையிலேயே கிடக்கிறேனா, இந்த வெயில், இந்த ஹாரன் சத்தம், ஆட்டோக்காரர் மீட்டர் போடாமல் கேட்பது எல்லாம் செத்தவனுக்கு வரும் கனவா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

ஆட்டோவில் ஏறிப் போனைப் போட்டதும் மரகதம், ஏங்க, எங்க இருக்கீங்க, படம் பாத்த யாரோ இடைவேளையிலயே நீங்க மறைஞ்சுட்டதா போன்ல போட்டுட்டாங்களாம், மாலையோட ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க, கோயிலுக்குப் போயிருக்காருன்னு சொன்னா, பாவம், அதிர்ச்சியில பேசறாங்கன்னு என்னையே தேத்துறாங்க, போனும் எடுக்கல, எனக்கே பயமாயிடுச்சுங்க, அவள் அழுதாள், நான் வரேன், வந்துட்டே இருக்கேன் என்றேன், என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது.

வாசலில் செருப்புகள், என் தலையைக் கண்டதும் கூட்டம் விலகியது, அதைத் தாண்டி ஒரு கார் வந்து நின்றது, வர்மன் இறங்கினார், டோப்பா இல்லை, மீசைக்குச் சாயம் இல்லை, கையில் பெரிய ரோஜா மாலை, காலைத் தாங்கித் தாங்கி வந்தவர் என்னைப் பார்த்தார், மாலையைக் கார்மேல் போட்டுவிட்டுக் கையை ஓங்கினார், முப்பது வருஷமாக அந்தக் கை ஓங்கினால் என் தலை தானாகத் திரும்பிக்கொள்ளும், அவர் விரல்கூட என்மேல் பட்டதில்லை, இன்றைக்குத் தலை திரும்ப மறந்துவிட்டது.

பளாரென்று விழுந்தது.

போன அணைச்சு வெச்சுட்டு எங்கடா போன என்றார் வர்மன், என் தோளைப் பிடித்துக்கொண்டு, அப்படியே என்மேல் சாய்ந்து, விசும்பினார். மரகதம் ஓடிவந்து என் கன்னத்தைத் தொட்டாள், வலிக்குதாங்க என்றாள்.

வலிக்குது மரகதம், நல்லா வலிக்குது என்றேன்.