கையெழுத்துக்கு முன்னால்

பிள்ளையார்பாளையத்து நெசவாளி பரமசிவம், மனைவி மஹாலட்சுமிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த ஜெயப்ரியாவைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தான். அவளைச் சட்டப்படி தத்தெடுக்க, பெற்ற அப்பன் தினேஷின் சம்மதம் வேண்டும் என்றார் வக்கீல்.

தாமலிலிருந்து தினேஷ் வந்தான். முரடனாக இருப்பான் என்று எண்ணியிருந்த பரமசிவத்துக்கு, அவனுடைய சாந்தமான பேச்சே பிடிக்கவில்லை. அவன் சிரித்தபோது ஜெயப்ரியாவின் அதே கன்னக்குழி விழுந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவன் நான், குழி மட்டும் இவனுடையதா என்று பரமசிவம் மனதுக்குள் பொருமினான்.

“கையெழுத்து போடறேங்க. ஞாயித்துக்கிழமையில வந்து பாப்பாவைப் பாத்துக்கினு போறேன், அது போதும்,” என்று தினேஷ் பேனாவைத் திறந்தான்.

தத்துக்குப் பிறகு அந்த உரிமை அவனுக்கு இருக்காது. பரமசிவம் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். மஹாலட்சுமியும் கண்ணால் அதையே சொன்னாள். ஆனால் ஜெயப்ரியா பக்கத்தில் நின்று தினேஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போட்டுட்டா உங்களுக்கு உரிமை கிடையாதுங்க. நாங்க விட்டாத்தான் பாக்கலாம்,” என்றான் பரமசிவம்.

தினேஷ் பேனாவை மூடினான். “அப்ப வேணாங்க.”

அடுத்த ஞாயிறு ஜெயப்ரியா அவனோடு தாமல் ஏரிக்குப் போனாள். பரமசிவத்துக்குத் தறியில் மனம் நிற்கவில்லை, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் திரும்பியவள், “அப்பா, ஏரியில எவ்ளோ கொக்கு தெரியுமா?” என்று அவன் மேல் சாய்ந்தாள்.

“அவரையும் அப்பான்னுதான் கூப்டியா?”

“ஆமாம்பா.”

பரமசிவம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான்.

“சரி, கொக்கைப் பத்திச் சொல்லு.”