கட்டில் வெளியே வந்தால்

ஓடுகிற தாமிரவருணியின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பூதத்தானைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்திய கையோடு, அவர் உயிர்விட்ட நார்க்கட்டிலை அசலூர் மருமகன் மாரிசெல்வம் தலையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். செத்தவர் படுத்த கட்டில் வீட்டுக்குள் கிடக்கக் கூடாது என்பது வழக்கம். அவ்வளவுதான். ஒப்பாரி சட்டென்று நின்றது. மறு நிமிஷம் ஆற்றங்கரைத் தெருவே அரிசி மூட்டையும் தகரப்பெட்டியுமாகப் பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடியது. ஆடுகள் யாரும் ஓட்டாமலே வரிசையாக ஏறின. கொட்டடிக்க வந்த வெளியூர்க்காரர்களும் காரணம் கேட்காமல் கொட்டோடு ஓடினார்கள். என்னமோ ஏதோவென்று மாரிசெல்வமும் கட்டிலைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினான்.

பாடையருகே மிஞ்சியது பெண்டாட்டி சுடலைவடிவு ஒருத்திதான்.

தெருவை வைய அவளுக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றிரண்டு ஐப்பசிக் கடைசியில் ஒரு சாயங்காலம், வாய்க்கால் மடை பார்க்கிற பூதத்தான் இதே கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு, எவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் மேடேறினார். தண்ணீரின் குணம் தெரிந்த மனுஷன் பேசாமல் போகிறாரே என்று தெருவும் பின்னாலேயே ஏறியது. மறுநாள் விடிவதற்குள் வெள்ளம் தெருவை வழித்துக்கொண்டு போனது. சேக் முகம்மதுவின் டீக்கடை பாய்லர் ஸ்ரீவைகுண்டம் வரை மிதந்து கரையேறியபோதும் உள்ளே டீ சூடாக இருந்தது. ஓர் உயிர் போகவில்லை. அடைகாத்த கோழிக்குக்கூட ஒரு முட்டை குறையவில்லை.

அதிலிருந்து ரேடியோ என்ன சொன்னாலும் தெரு கேட்காது. பூதத்தான் கட்டிலைத்தான் பார்க்கும். வெயிலில் உலர்த்தக்கூடக் கட்டிலை வெளியே போட முடியாமல், மனுஷன் மூன்று வருஷம் மூட்டைப்பூச்சியோடு படுத்தார்.

முதலில் இறங்கி வந்தவர் சேக் முகம்மதுதான்.

"மைனி, தண்ணி எம்புட்டு வந்திருக்கு?"

"தண்ணி எங்கன வந்துச்சு பாய்? மனுசன்லா போய்ட்டாக. அதுக்குத்தான் கட்டில எடுத்தோம்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எம்பிள்ளைய மூணும் இன்னைக்குச் சோறு திங்குதுன்னா, அது அண்ணாச்சி போட்ட பிச்சை. இனி எங்களுக்கு யாரு சொல்லுவா? அந்தக் கட்டில யாருக்கும் கொடுத்துராதிய. பள்ளிக்கூடத்துல வச்சிருவோம். வெள்ளம் வந்தா அதுவே அசையும்."

சுடலைவடிவு வாசலில் கிடந்த கட்டிலைப் பார்த்தாள். அசையாத கட்டிலைப் பார்த்துக்கொண்டு அடுத்த வெள்ளத்தில் இந்தத் தெரு பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்திருக்குமே! உள்ளதைச் சொல்லிவிடலாமா? அது அவளுக்கும் பாடையில் கிடந்தவருக்கும் மட்டும் தெரிந்தது. அவர் கடைசிவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

முப்பது வருஷம் படித்துறையில் துணி துவைத்தவள் அவள். எந்தப் படி முங்கினால் எவ்வளவு நேரத்தில் தெருவுக்குள் தண்ணீர் வரும் என்பது அவளுக்குத் தெரியும். அவளிடம்தான் யாரும் கேட்டதில்லை.

பாடையில் கிடந்தவர் முகத்தைப் பார்த்தாள்.

"அவுக எங்கிட்டச் சொல்லியிருக்காக பாய். தண்ணி செவந்து, படித்துறையில மேலருந்து அஞ்சாம் படியத் தொட்டா, கட்டிலப் பாக்காதிய, ஏறிருங்கன்னு. முதல்ல பிள்ளைய. பொறவுதான் பெட்டி. மழை நாள்ல வீட்டுக்கொரு ஆளா முறை வச்சுப் படியப் பாக்கணுமாம்."

"அண்ணாச்சியே சொன்னாகளா?"

"பின்னே நானா சொல்லுதேன்?"

சேக் முகம்மது கடைப் பலகைக்கு வாங்கிய சிவப்புப் பெயிண்டோடு படித்துறைக்கு ஓடினார். ஐந்தாம் படியில் 'பூதத்தான்' என்று எழுதினார். மேட்டிலிருந்து தெரு இறங்கியது; ஆடுகள் கடைசியாக வந்தன. கொட்டு மறுபடி முழங்கியது. பாடை படித்துறையைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் அந்தப் படியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். சுடலைவடிவு திரும்பி வந்து, வாசலில் கிடந்த கட்டிலில் தளர்ந்திருந்த ஒரு கயிற்றை இழுத்து முடிந்தாள்.

தொண்ணூற்றிரண்டில் அன்று சாயங்காலம், மீன்குழம்பில் உப்புக் கூடுதல் என்று சொன்னதற்காக, அந்தக் கட்டிலைத் தெருவில் வீசிக் கதவைச் சாத்தியவள் அவள்தான்.