மச்சான் பேரும் லினக்ஸ் எழுத்தும்

எழுபது வயதாகிவிட்டது, திருக்கடையூருக்குப் போய் மறுபடியும் தாலி கட்டு என்றார்கள். முதல் தடவை கட்டியதற்கே மங்களாம்பிகை இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். சரி, கட்டுவோம் என்றால் கூறைப்புடவை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டுமாம். தன் தம்பி பஞ்சநதம் கொண்டுவராவிட்டால் மணையில் உட்கார மாட்டாளாம்.

பஞ்சநதமும் நானும் வரப்புத் தகராறில் பேச்சை விட்டவர்கள். அவன் ஆள் அனுப்பிச் சொன்னான்: "வாயால கூப்பிட்டா வரமாட்டேன். பத்திரிகையில என் பேரு அச்சாகி, அத்தான் கையால குடுத்தா யோசிப்பேன்." சொன்னவன் அன்று மத்தியானமே பஸ் ஏறி, விமானம் பிடித்து மலேசியாவில் இருக்கும் மகனிடம் போகிறானாம்.

ஒரத்தநாட்டில் உபைதுல்லா பாயின் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். சிங்கப்பூரிலிருந்து என் மகன் சூர்யபிரகாஷ், மாமன் பேரையும் சேர்த்துப் பத்திரிகையைச் செய்து அனுப்பியிருந்தான். திறந்தால் தமிழைக் காணோம். இங்கிலீஷ் எழுத்துகள் கோழி கிளறிய குப்பையாய்க் கிடந்தன.

"தஞ்சாவூர் ஜில்லாவுல இருந்துக்கிட்டு தமிழ் தெரியாத மெஷினா?"

"இந்த மெஷின்ல ஓடுறது விண்டோஸ் இல்ல, லினக்ஸ் தாத்தா," என்றாள் கடையில் வேலை பார்க்கும் அஃப்ரீன். "உங்க மகன் அடிச்ச தமிழ் எழுத்து, அந்த ஃபான்ட், இதுல இல்ல. அதையும் சேர்த்துதான் அனுப்பியிருக்காரு. போட்டுட்டா சரியாயிடும்."

"லினக்ஸ் என்ன விலை?"

"ஓசிதாண்ணே," என்றார் பாய்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவள் அந்த ஃபான்டை ஒரு ஃபோல்டரில் போட்டாள். ஏதோ அடித்தாள். பத்திரிகையை மூடித் திறந்தாள். என் பேர், மங்களாம்பிகை பேர், கீழே பஞ்சநதம் பேர், எல்லாம் நல்ல தமிழில்.

"பிரிண்ட் குடுக்கவா தாத்தா?"

"நீ எந்திரி. ஓசி மெஷினு, சின்னப் புள்ளைய நம்பி விட முடியாது. மொதலாளி கையாலதான் அடிக்கணும்."

பாய் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவள் கணக்கை மூடி, தன் பேரில் கம்ப்யூட்டருக்குள் போனார். பழையபடி கோழிக் குப்பை.

"ஏமாத்துறீங்களா? இப்ப இருந்த தமிழ் எங்க?"

அஃப்ரீன் சிரித்தாள். "என் லாகின்ல மட்டும் போட்டேன் தாத்தா. உங்க வயல்ல வச்ச தண்ணி பக்கத்து வயலுக்குப் போகுமா?"

"போகும். அதுலதான் மச்சானோட சண்டையே."

"அப்ப நானே உட்கார்ந்து அடிச்சுடறேனே?"

சொன்ன சொல்லை மாற்றுகிறவன் நான் இல்லை. "பொதுவுல போடு. பாய்தான் அடிக்கணும்."

பொதுவில் போட பாயின் பாஸ்வேர்ட் வேண்டுமாம். "அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க," என்றார் பாய்.

"எனக்குக் கையெழுத்தே தகராறு. நான் என்னத்தத் திருடப் போறேன்?"

"என்னை மட்டும் நீங்க நம்புனீங்களா? திரும்புங்க."

தெருவைப் பார்த்துத் திரும்பினேன். எதிரே பஸ் ஸ்டாப்பில் பெட்டியோடு பஞ்சநதம். முக்கில் பஸ் திரும்புகிறது.

"பாய், சீக்கிரம்! ஆளு போயிடுவான்!"

பிரிண்டர் முக்கி முனகி ஒரு தாளைத் துப்பியது. பிடுங்கிக்கொண்டு ஓடி, அவன் ஒரு காலைப் படியில் வைத்தபோது நீட்டினேன்.

நிதானமாகக் கண்ணாடியை மாட்டிப் படித்தான். "என் பேரு ஏன் கீழ இருக்கு?"

"மேல சாமி இருக்கு. அத எறக்கச் சொல்றியா?"

பேரைத் தடவிப் பார்த்தான். மை காயவில்லை. பாதிப் பேர் அவன் விரலில் வந்துவிட்டது.

"ஏறுறீங்களா இல்லையா பெரியவரே?" என்று கண்டக்டர் கத்தினான்.

பஞ்சநதம் காலைக் கீழே வைத்தான். பஸ் போய்விட்டது.

"அக்காவுக்கு என்ன நெறத்துல பொடவை எடுக்கணும்?"

"எனக்கென்ன தெரியும்? வந்து அவளையே கேளு."

"சும்மாதானே நிக்கிறீங்க அத்தான், இதத் தூக்குங்க," என்று பெட்டியை என் தலையில் கட்டிவிட்டு முன்னால் நடந்தான், தடியன்.