விரல்நுனி க்ரீம்

டயப்பரைத் திருப்பி, பிளாஸ்டிக் பக்கம் உள்ளே வருமாறு கட்டிவிட்டு, கையில் ஒரு சிறு கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன். பஞ்சுப் பக்கம் இருந்தால் ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடுமாம். எங்கள் மகள் சுண்டெலிக்கு நான்கு மாதம். நாளெல்லாம் போய்க்கொண்டே இருப்பவள், ஆஸ்பத்திரியில் மலம் எடுத்து வரச் சொன்னதும் முறுக்கிக்கொண்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான எனக்குக் காத்திருப்பது புதிதில்லை. ஆனால் இவளிடம் எந்த ஸ்க்ரூவைத் திருகுவது?

சிரிக்கிற விஷயமில்லை. போவதிலெல்லாம் ரத்த இழை. மயக்க மருந்து கொடுத்து, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். அதுவும் அந்த உள்ளங்கையளவு வயிற்றுக்குள்.

டாக்டரம்மாதான் அதற்கு முன்னால் ஒரு வழி சொன்னார்.

"குடல்ல அலர்ஜி இருந்தா சில வெள்ளை அணுக்கள் ஒரு புரதத்தை விட்டுட்டுப் போகும். மலத்துலயே தெரியும். இப்பதான் ஆராய்ச்சி நடக்குது, அதை மட்டும் வெச்சு முடிவு சொல்ல மாட்டேன். அம்மா மாட்டுப்பால், வெண்ணெய் எல்லாம் சாப்பிடறதை நிறுத்தட்டும். நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்ப்போம், அப்புறம் ஒரு தடவை. அளவும் இறங்கி ரத்தமும் நின்னா, குழாயைப் பத்தி மறுபடி யோசிக்கலாம்."

தாய் சாப்பிடும் மாட்டுப்பால் தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்குப் போகுமாம். வீட்டிலேயே கேக் செய்து விற்கும் என் மனைவியைத் தெருவே கேக்கம்மா என்றுதான் கூப்பிடும். வெண்ணெயிலேயே புழங்குகிறவள். பால் விடாத டீயைக் குடித்துவிட்டு அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானும் அதற்கே மாறினேன். முதல் தடவை அந்தப் புரதம் எக்கச்சக்கமாக இருந்தது. இரண்டாம் தடவை பாதிக்கும் கீழே இறங்கியது, ரத்தமும் நின்றது. அப்பாடா என்று நாங்கள் மூச்சுவிட்ட நேரத்தில், டயப்பரில் மறுபடி சிவப்பு.

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாண கேக்குங்க. க்ரீம் பதம் பார்க்க விரல்ல தொட்டுத் தொட்டு வாயில வெச்சிருக்கேன். நேத்தும் வெச்சிருக்கேன், முந்தாநேத்தும். எனக்கே தெரியல. இப்ப கை தானா மேல போகும்போதுதான் பிடிச்சேன்."

"விடு."

"என்னத்த விட? எல்லாத்தையும் கெடுத்துட்டேன். இனி குழாய்தான்."

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இத்தனை வருடம் பழகிய கைக்கு யார் போய்ப் புத்தி சொல்வது? மறுபடி டயப்பரைத் திருப்பிக் கட்டினேன். இந்த முறை சுண்டெலி காக்க வைக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் நடந்ததை என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் கணினியில் மூன்றாம் தடவை வந்த அளவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"நிறுத்தினா இறங்குது, விரல்நுனி க்ரீமுக்கு ஏறுது. மறுபடி கொஞ்சம் பால் சாப்பிட்டுப் பாருங்கன்னு நானே சொல்லியிருப்பேன். நீங்க முந்திக்கிட்டீங்க. பால்தான்மா காரணம். குழாய் வேண்டாம்."

"நான் பால் குடுக்கலாமா டாக்டர்?"

"தாராளமா. மாட்டுப்பால், வெண்ணெய் மட்டும் வாயில வெக்காதீங்க. வளர வளர பெரும்பாலும் சரியாயிடும்."

ஜெயித்துவிட்டோம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன். லிஃப்ட் மெக்கானிக் படியில் இறங்கிய கதையைப் பின்னால் வந்த கேக்கம்மா கடைசிப் படிவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது, ஒரு கையில் பிள்ளையை அணைத்துப் பால் கொடுத்தபடி மறு கையால் க்ரீமைக் கலக்கிக்கொண்டிருந்தாள். விரல் க்ரீமைத் தொட்டது, மேலே போனது, பாதியில் நின்றது.

"என்னங்க, வாயைத் திறங்க."

கிரீஸ் சட்டையோடு குனிந்தேன்.

"இனிப்பு?"

"இன்னும் கொஞ்சம்."

சுண்டெலி எங்கள் இருவரையும் சட்டை செய்யாமல், கண்ணை மூடி, சத்தம் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள்.